ஆண்டின் சிறந்த மாடல் கார்: வாக்கெடுப்பை எப்படி நடத்தினால் வேலைப்பாட்டுக்கு நியாயம் கிடைக்கும்?

செங்கதிர்18 கேட்டது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் மாடல் கார் (நிஜக் காரின் சிறிய பிரதி) சேகரிப்பாளர் குழுவில் ஆண்டுதோறும் 'ஆண்டின் சிறந்த மாடல்' வாக்கெடுப்பு நடக்கிறது. இதுவரை எல்லா அளவுகளையும் ஒரே பட்டியலில் போட்டு, ஆளுக்கு ஓர் ஓட்டு, அதிக ஓட்டு வாங்கியதற்கு விருது என்று முடித்துவிடுவோம். முடிவு வந்ததும் ஒவ்வொரு முறையும் அதே மனக்குறைதான். எந்த நிஜக் கார் மேல் எல்லாருக்கும் மோகமோ, அதன் மாடல் ஜெயிக்கிறது. மாடலின் வேலைப்பாடு பின்னுக்குப் போய்விடுகிறது. கதவு, போனட், டிக்கி எல்லாம் திறக்கும் 1:18 மாடலோடு (நிஜக் காரின் 18-ல் ஒரு பங்கு அளவு) உள்ளங்கையில் அடங்கும் 1:64-ஐ மோதவிடுவதும் சரியாகப் படவில்லை.

இந்த ஆண்டு முறையை மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சுமார் நூறு பேர் வாக்களிப்பார்கள். பிரிவுகளை எதை வைத்துப் பிரிப்பது? எந்த மாடல் இந்த ஆண்டுக்குச் சேரும், எது சேராது? ஓட்டை எப்படி எண்ணுவது? மாடலை வைத்திருப்பவர்கள் மட்டும்தான் ஓட்டுப் போடலாமா? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் விதிகளை அப்படியே எழுதிவிடுவேன்.


வார்ப்புக்கூடம் எழுதியது:

எண்ணும் முறையை யோசிக்கும் முன்னால் பட்டியலைச் சரிசெய்யுங்கள் சார். பாதித் தகராறு அங்கிருந்துதான் கிளம்பும்.

முதலில் தேதி. ஒரு மாடலுக்கு நான்கு தேதிகள் உண்டு: அறிவித்த நாள், முதல் மாதிரியின் படம் வந்த நாள், தொழிற்சாலையிலிருந்து கப்பலேறிய நாள், வாங்கியவர் கையில் கிடைத்த நாள். அறிவிப்புக்கும் கைக்கு வருவதற்கும் நடுவே ஒன்றிரண்டு ஆண்டுகள்கூட ஓடிவிடும். கடைசித் தேதி ஒன்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 'குழுவில் யாராவது ஒருவர் தன் கையிலுள்ள விற்பனைப் பிரதியைப் படமெடுத்துப் போட்ட முதல் நாள்' என்று விதியில் எழுதுங்கள். நிறுவனம் போடும் கணினிப் படமும் முன்மாதிரிப் படமும் செல்லாது. முன்மாதிரியில் இருக்கும் உலோகக் கண்ணி விற்பனைக்கு வரும்போது பிளாஸ்டிக்காக மாறியிருக்கும், உயரம் மாறியிருக்கும், விளக்கின் கண்ணாடி வேறாக இருக்கும்.

காலவரம்பை ஜனவரி முதல் டிசம்பர் வரை வைக்காதீர்கள். டிசம்பர் 1 முதல் அடுத்த நவம்பர் 30 வரை வையுங்கள். டிசம்பரில் பரிந்துரை, ஜனவரியில் ஓட்டு. அப்படியும் நவம்பர் கடைசியில் வந்த மாடலுக்கு அநியாயம் நடக்கும், ஏனென்றால் அது இரண்டு பேரிடம்தான் வந்து சேர்ந்திருக்கும். அதற்கு ஒரு வழி: பரிந்துரை முடியும் நாளில் மூன்று பேருக்கும் குறைவானவர்களிடமே அந்த மாடல் இருந்தால், அது தானாக அடுத்த ஆண்டுப் பட்டியலுக்குப் போகட்டும். ஒரு மாடல் ஒரு முறைதான் போட்டியிடலாம் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

அடுத்து நிறம். ஒரே மோல்டில் (வார்ப்பு அச்சில்) எட்டு நிறம் வரும். ஒவ்வொன்றையும் ஒருவர் பரிந்துரைப்பார். அந்த மாடலின் ஓட்டு எட்டாகச் சிதறும். பந்தயக் கார்களில் இது இன்னும் மோசம். லே மான் பந்தயத்தில் ஓடிய ஒரே வகைக் காரை, ஒவ்வொரு பந்தய எண்ணுக்கும் தனி மாடலாக 1:43-ல் ஸ்பார்க் மாதிரி நிறுவனங்கள் வெளியிடும். ஆகவே ஒரு மோல்டுக்கு ஓர் இடம்தான். எந்த நிறம், எந்த எண் என்பதைப் பரிந்துரைப்பவர் ஒன்றைச் சொல்லட்டும், அதன் படம் பட்டியலில் வரட்டும், ஓட்டு மோல்டுக்குச் சேரட்டும்.

புதிய மோல்டு என்றால் உடற்கூடு புதிதாக வார்க்கப்பட்டது என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரமும் பம்பரும் மட்டும் மாறியிருந்தால் அது பழைய மாடலின் மறுபதிப்பு. பழைய மோல்டை வேறொரு நிறுவனம் வாங்கித் தன் பெயரில் விற்பதும் உண்டு, அதுவும் மறுபதிப்புதான். மறுபதிப்புகளுக்குத் தனி விருது வையுங்கள். நல்ல நிறமும் நல்ல டாம்போ அச்சும் (மென்மையான திண்டால் பதிக்கும் எழுத்தும் சின்னமும்) அங்கே மதிக்கப்படும்.

பிரிவுகள்: முதலில் அளவு, பிறகு திறக்குமா திறக்காதா. டைகாஸ்ட் (உலோக வார்ப்பு), ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்), காம்போசிட் என்று பொருளை வைத்துப் பிரிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆட்டோஆர்ட் காம்போசிட் மாடல்களில் உடற்கூடு பிளாஸ்டிக், ஆனால் எல்லாக் கதவும் திறக்கும். இன்னொரு பக்கம் மினிசாம்ப்ஸ் மாதிரி நிறுவனங்கள் எதுவும் திறக்காத டைகாஸ்ட்டும் செய்திருக்கின்றன. வாங்குகிறவர் ஒப்பிடுவது திறப்பதைத் திறப்பதோடு, மூடியதை மூடியதோடு. காரணமும் உண்டு. கதவு திறக்க வேண்டுமானால் கீல் வேண்டும், கீலுக்கு இடம் வேண்டும், கதவு உராயாமல் ஆட இடைவெளி வேண்டும். இதெல்லாம் வெளித்தோற்றத்தில் ஏதாவது ஒன்றைப் பறிக்கும். மூடிய மாடலுக்கு அந்தச் சுமையே இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் ஒரு சாரார் கோட்டின் நேர்த்திக்கும் மறு சாரார் இயந்திர அறைக்கும் ஓட்டுப் போடுவார்கள். அந்த முடிவுக்கு அர்த்தம் இருக்காது.

நான் வைப்பது இப்படி: 1:18 திறக்கும், 1:18 மூடிய, 1:43, 1:64, அதோடு 1:12-உம் அதைவிடப் பெரியவையும். இவற்றோடு மறுபதிப்பு. ஒரு பிரிவில் நான்கு பரிந்துரைகூட வரவில்லை என்றால் அந்த ஆண்டு அதைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடலாம். பிரிவுகளைப் பெருக்கினால் இரண்டே மாடல் போட்டியிடும் பிரிவுகள் வரும், அந்த விருதை யாரும் மதிக்க மாட்டார்கள்.

1:64-ல் மட்டும் கவனமாக இருங்கள். அட்டையில் தொங்கும் பொம்மை வகைகளில் பல, பெட்டி அளவுக்குப் பொருந்த வார்க்கப்பட்டவை; சின்ன காரும் பெரிய வேனும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் இருக்கும். மினி ஜிடி, டார்மாக் வொர்க்ஸ், இன்னோ64 போன்றவை அளவுக்கு உண்மையாக இருக்கப் பார்ப்பவை. பரிந்துரைகள் போதுமான அளவு வந்தால் இவ்விரண்டையும் பிரித்துவிடுவது நல்லது.


கணக்கு64 எழுதியது:

எண்ணும் முறைக்கு நான் வரேன். ஆளுக்கு ஒரு ஓட்டு முறையில என்ன நடக்குதுன்னு எண்ணிப் பார்த்தாத்தான் புரியும்.

மூணு மாடல்னு வெச்சுக்கோங்க. அ, ஆ ரெண்டும் நுணுக்கமா செஞ்ச பழைய கார்கள். இ, எல்லாருக்கும் தெரிஞ்ச புது சூப்பர் கார், வேலைப்பாடு சுமார். நூறு பேர்ல 35 பேருக்கு அ முதலிடம், 27 பேருக்கு ஆ முதலிடம், 38 பேருக்கு இ முதலிடம். ஒரு ஓட்டு முறையில இ ஜெயிச்சாச்சு. ஆனா அ, ஆ ரசிகர்கள் 62 பேரும் இ-யைக் கடைசியில வெச்சிருக்காங்க. நூத்துல 62 பேர் கடைசின்னு சொன்ன மாடலுக்குக் கோப்பை.

அதே நூறு பேர்கிட்ட வரிசை கேளுங்க. அ ரசிகர்கள் ரெண்டாவதா ஆ போடறாங்க, ஆ ரசிகர்கள் ரெண்டாவதா அ போடறாங்க, இ ரசிகர்கள்ல 24 பேர் ரெண்டாவதா அ, 14 பேர் ஆ. முதலிடத்துக்கு 3, ரெண்டாவதுக்கு 2, மூணாவதுக்கு 1 புள்ளி. கூட்டினா அ 221, ஆ 203, இ 176. தலைகீழா மாறிடுச்சு. நேருக்கு நேர் வெச்சாலும் அ-வுக்கு 62, இ-க்கு 38. அ-வுக்கு 59, ஆ-வுக்கு 41. எல்லாரையும் தோற்கடிக்கறது அ-தான்.

அதனால ஒவ்வொரு பிரிவுலயும் முதல் மூணு இடம் கேளுங்க, அது போதும். பன்னிரண்டு மாடலையும் வரிசைப்படுத்தச் சொன்னா ஆறாவதுக்கு அப்புறம் கண்ணை மூடிட்டு நிரப்புவாங்க. அந்தக் குப்பையும் புள்ளியில சேரும். மூணும் நிரப்பணும்னு கட்டாயப்படுத்தவும் கூடாது. ஒரே மாடல்தான் பார்த்திருக்கார்னா ஒண்ணை மட்டும் போட்டுட்டுப் போகட்டும்.

புள்ளி முறைக்கு ஒரு பலவீனம் இருக்கு. தனக்குப் பிடிச்சதுக்குப் போட்டியா நிக்கற நல்ல மாடலை வேணும்னே விட்டுட்டு, ஜெயிக்கவே வாய்ப்பில்லாததை ரெண்டாவதா போடலாம். போட்டி நெருக்கமா இருந்தா நூறு ஓட்டுல இப்படி அஞ்சாறு பேர் செஞ்சாலே முடிவு மாறிடலாம். அதனால புள்ளியில முதல் ரெண்டு இடம் வந்த மாடல்களை மட்டும் எடுத்து, அதே சீட்டுகள்ல எத்தனை பேர் எதை மேல வெச்சிருக்காங்கன்னு நேருக்கு நேர் எண்ணுங்க. அதுல ஜெயிச்சதுக்கு விருது. தனியா இன்னொரு நாள் ஓட்டு நடத்த வேண்டியதில்லை, சீட்டுலயே விவரம் இருக்கு.

கூகுள் படிவத்துல இதைச் செய்ய பல்தேர்வு கட்ட வகைக் கேள்வியை எடுங்க. வரிசையில மாடல் பெயர்கள், நெடுவரிசையில முதலிடம், ரெண்டாமிடம், மூணாமிடம். ஒரு நெடுவரிசைக்கு ஒரே பதில்ங்கற அமைப்பை இயக்குங்க. இல்லேன்னா ஒருத்தர் மூணு மாடலுக்கு முதலிடம் கொடுப்பார். வரிசைகளைக் கலைத்துக் காட்டற அமைப்பையும் இயக்குங்க. பட்டியல்ல மேல இருக்கற பேருக்குக் கொஞ்சம் கூடுதலா ஓட்டு விழறது எல்லா வாக்கெடுப்புலயும் வர்ற கோளாறு. ஓட்டு முடியற வரைக்கும் யாருக்கும் எண்ணிக்கை காட்டாதீங்க. நடுவுல காட்டினா முன்னால இருக்கறதுக்கே போய் விழும்.

கள்ள ஓட்டு: ஒரு கணக்குக்கு ஒரு பதில், அதோட வாக்கெடுப்பு அறிவிக்கறதுக்கு முன்னாடியே குழுவுல சேர்ந்திருக்கணும். கடைக்காரங்களோ நிறுவனத்துல வேலை பார்க்கறவங்களோ இருந்தா அவங்க சொந்த மாடல் இருக்கற பிரிவுல ஓட்டுப் போடக்கூடாது. முடிஞ்சதும் நேர முத்திரையைப் பாருங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள இருபது சீட்டு, எல்லாத்துலயும் ஒரே மாடலுக்கு முதலிடம், மத்த பிரிவெல்லாம் காலின்னா, எங்கயோ இணைப்பு பகிரப்பட்டிருக்கு. இப்படிப்பட்ட சீட்டை என்ன செய்யறதுன்னு முன்னாடியே விதியில எழுதி வெச்சிருக்கணும். குறைஞ்சது மூணு பிரிவுல ஓட்டுப் போட்ட சீட்டுதான் செல்லும்னு ஒரு விதி இதைப் பெரும்பாலும் அடக்கிடும்.


நுண்ணளவு எழுதியது:

மேலே இரண்டு பேரும் சொன்னது எல்லாம் சரி. ஆனால் செங்கதிர் அவர்கள் சொன்ன மூலக் குறை, காருக்கு ஓட்டு விழுகிறது, மாடலுக்கு விழவில்லை என்பது, விதியால் மட்டும் தீராது. வாக்களிப்பவர் கையில் அளவுகோல் இருக்க வேண்டும். ஓட்டுச் சீட்டோடு ஒரு பக்க வழிகாட்டி சேர்த்து அனுப்புங்கள். அதில் என்ன இருக்கலாம் என்று சொல்கிறேன்.

முதலில் நீள அகலம் பார்க்கலாம். பம்பரும் இறக்கையும் ஆண்டுக்காண்டு மாறும், ஆகவே மொத்த நீளத்தை நம்ப வேண்டாம். வீல்பேஸை அளக்கவும்: முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை. பிளாஸ்டிக் தாடை கொண்ட வெர்னியர் காலிப்பர் போதும், பெயின்ட்டைக் கீறாது. ஃபெராரி எஃப்40-ன் வீல்பேஸ் 2450 மி.மீ. 1:18-ல் 136.1, 1:43-ல் 57.0 மி.மீ. வர வேண்டும். ஒரு சதவீதம் வித்தியாசம் என்றால் 1:18-ல் 1.4 மி.மீ.; கண்ணுக்குத் தெரியாது, மன்னிக்கலாம். அதற்கு மேல் போனால் உருவம் இழுத்தது போலவோ அமுக்கியது போலவோ தெரிய ஆரம்பிக்கும்.

டயர் அதைவிட முக்கியம், யாரும் அளப்பதில்லை. டயர் அளவு எழுத்திலிருந்தே விட்டத்தைக் கணக்கிடலாம். எஃப்40-ன் பின் டயர் 335/35 இசட்ஆர்17. விளிம்பு 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. பக்கச்சுவர் உயரம் டயர் அகலமான 335-ல் 35 சதவீதம், 117.25, மேலும் கீழும் இரண்டு மடங்கு 234.5. மொத்தம் 666.3 மி.மீ., 1:18-ல் 37.0. முன் டயர் 245/40 இசட்ஆர்17, விட்டம் 627.8, 1:18-ல் 34.9. முன்னும் பின்னும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்க வேண்டும். ஒரே அச்சில் நான்கு டயரையும் வார்த்திருந்தால் அந்த இரண்டு மில்லிமீட்டர் காணாமல் போகும். காரின் நிற்கும் தோரணையே கெட்டுவிடும். பலர் 'ஏதோ ஒன்று சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை' என்று எழுதும் மாடல்கள் பலவற்றில் டயர் விட்டமும் தரையிலிருந்து உள்ள உயரமும்தான் காரணம்.

அடுத்து படத்தோடு ஒப்பிடுவது. செல்போனின் அகலக் கோண லென்ஸால் மாடலைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் மூக்கு வீங்கித் தெரியும், 'முகம் தவறு' என்று மாடலின் மேல் பழி விழும். நிஜக் காரை 9 மீட்டர் தள்ளி எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டுமானால் 1:18 மாடலை 50 செ.மீ. தள்ளி எடுக்க வேண்டும், 9 மீட்டரைப் 18-ஆல் வகுத்த தூரம். 1:43-க்கு 21 செ.மீ. கேமரா உயரத்தையும் அதே விகிதத்தில் இறக்கவும். நிற்பவரின் கண் 1.6 மீட்டர் என்றால் 1:18-ல் தரையிலிருந்து 9 செ.மீ. பரிந்துரைப் படங்களை எல்லாரும் இந்தத் தூரத்தில், பக்கவாட்டில் ஒன்று, முன் முக்கால் கோணத்தில் ஒன்று, பின் முக்கால் கோணத்தில் ஒன்று என்று எடுத்துத் தரட்டும். நிறுவனத்தின் விளம்பரப் படத்தைப் பட்டியலில் போடவே கூடாது.

பெயின்ட். ஐம்பது மைக்ரான் (0.05 மி.மீ.) படலம் 1:18-ல் நிஜக் காரில் 0.9 மி.மீ. தடிப்புக்குச் சமம், 1:64-ல் 3.2 மி.மீ. நிஜக் காரின் பெயின்ட் மொத்தமே 0.1 மி.மீ. சுற்றித்தான். அதனால்தான் சின்ன மாடலில் விளிம்புகள் மழுங்கித் தெரிகின்றன. கதவு இடைவெளியும் அப்படியே: நிஜத்தில் 4 மி.மீ. என்றால் 1:18-ல் 0.22, 1:64-ல் 0.06. அந்த 0.06-ஐ வார்க்கவே முடியாது, வார்த்தாலும் பெயின்ட் அடைத்துவிடும். ஆகவே 1:64-ல் கோடு தடிமனாக இருப்பதைக் குறையாக எண்ணாமல், எல்லாக் கோடும் ஒரே தடிமனில், ஒரே ஆழத்தில் ஓடுகிறதா என்று பார்க்கவும். மெட்டாலிக் பெயின்ட்டில் மின்னும் துகள் பெரிதாகத் தெரிந்தால் மாடல் பொம்மையாகிவிடும். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் உடனே பிடிபடும்.

திறக்கும் மாடலில் கதவைத் திறந்து கீலைப் பாருங்கள். வளைந்த கம்பியாகக் கண்ணில் குத்தினால் ஒரு படி குறைவு. நிஜக் கார் மாதிரி உள்ளே மறைந்த கீல் என்றால் அதற்கு உழைப்பு அதிகம். மூடிய பிறகு நான்கு பக்கமும் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, கதவு உடலோடு சமமட்டத்தில் நிற்கிறதா என்பதை விளக்கைச் சாய்த்துப் பிரதிபலிப்பில் பாருங்கள். பாகங்களின் எண்ணிக்கை ஓர் அளவுகோல் அல்ல. சிஎம்சி என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பல மாடல்களில் ஆயிரத்துக்கு மேல் பாகம் இருக்கிறது, அது மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனால் வாக்களிப்பவர் பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கு ஓட்டுப் போடக்கூடாது; அந்தப் பாகங்கள் சேர்ந்து எஞ்சினை எஞ்சினாகக் காட்டுகிறதா என்பதற்குப் போட வேண்டும்.

மூடிய ரெசின் மாடலில் பார்க்க வேண்டியது வேறு. கண்ணாடி வெட்டு, அதன் கறுப்பு விளிம்பு அச்சு, போட்டோ எட்ச் பாகங்களின் (அமிலத்தால் அரித்து வெட்டிய மெல்லிய உலோகத் தகடுகளின்) ஓரத்தில் பசை வழிந்திருக்கிறதா, துடைப்பான் கண்ணாடியைத் தொட்டு நிற்கிறதா. ரெசினை சிலிக்கோன் ரப்பர் அச்சில் வார்ப்பார்கள். ஓர் அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே தேய்ந்துவிடும். ஆகவே ஒரே வெளியீட்டிலேயே ஒரு பிரதியில் கோடு கூர்மையாகவும் இன்னொன்றில் மழுங்கியும் இருக்கும். ஒருவர் பிரதியை மட்டும் பார்த்து ரெசின் மாடலைத் தூக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது.


பழையபெட்டி எழுதியது:

வைத்திருப்பவர்கள் மட்டும் ஓட்டுப் போடலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கூடாது என்பது என் பதில்.

வைத்திருப்பவருக்கு மட்டும் ஓட்டு என்றால், எது அதிகம் விற்றதோ அதற்கு ஓட்டு அதிகம். எல்லாருக்கும் ஓட்டு என்றால், படத்தில் எது அழகோ அதற்கு ஓட்டு. இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கேளுங்கள். பிரிவு விருதுக்கு எல்லாரும் ஓட்டுப் போடட்டும், நேரில் பார்க்காததைப் போடாமல் விடலாம் என்ற சலுகையோடு. 'வேலைப்பாட்டு விருது' என்று தனியாக ஒன்று வைத்து, அதற்கு வைத்திருப்பவர்கள் மட்டும் பத்துக்கு மதிப்பெண் தரட்டும்: உருவம், பெயின்ட், பொருத்தம், உள்ளலங்காரம், சக்கரமும் டயரும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. மொத்தமாக ஒரே எண் கேட்டால் கார் மேல் உள்ள ஆசைதான் அந்த எண்ணில் வரும். ஐந்தாகப் பிரித்துக் கேட்டால் பிடித்த காரின் ரசிகரும் 'டயர் தப்பு' என்று ஆறு போடுவார்.

இதில் ஒரு சிக்கல்: ஆறு பேர் 9.5 போட்ட மாடலும் அறுபது பேர் 8.8 போட்ட மாடலும் மோதினால் சராசரி ஆறு பேருக்குச் சாதகமாகிவிடும். விலையுயர்ந்ததை வாங்கியவர் அதைக் குறைத்து மதிப்பிடத் தயங்குவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குத் திருத்திய சராசரி வையுங்கள். எல்லா மாடல்களின் பொதுச் சராசரி 7.5 என்றால், ஒவ்வொரு மாடலுக்கும் 7.5 போட்ட பதினைந்து கற்பனை வாக்காளர்களைச் சேர்த்து வகுங்கள். முதல் மாடல்: 57-உடன் 112.5 கூட்டி 21-ஆல் வகுத்தால் 8.07. இரண்டாவது: 528-உடன் 112.5 கூட்டி 75-ஆல் வகுத்தால் 8.54. ஆறு பேரின் மாடல் தள்ளப்படவில்லை, இன்னும் கொஞ்சம் சான்று வேண்டும் என்று நிற்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். ஐந்து ஆண்டுக்கு முன் விருது வாங்கிய மாடல்களை மறுபடி மதிப்பிடும் ஒரு விருது வையுங்கள். பெட்டியைத் திறந்த மாதத்தில் எல்லா மாடலும் அழகுதான். பிறகுதான் தெரியும். டைகாஸ்ட்டில் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து பொரிப் பொரியாகக் கொப்புளம் கிளம்பும். ஈரம் புகுந்த பெட்டியில், பிளாஸ்டிக் தாள் உடலோடு ஒட்டியே கிடந்தால் சீக்கிரம் வரும். மென்மையான டயரிலிருந்து பிளாஸ்டிசைசர் (மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்) கசிந்து கீழே உள்ள பிளாஸ்டிக் பீடத்தைக் கரைத்து ஒட்டிக்கொள்ளும். டயர் தொடாதபடி காரைச் சக்கர அச்சில் (ஆக்சிலில்) தூக்கி நிறுத்தும் பீடம் இருந்தால் தப்பிக்கலாம். ரெசினில் வெயில் பட்டால் உடல் வளையும், போட்டோ எட்ச் விளிம்பு நிமிரும், கண்ணாடியின் பசை விட்டுவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது துத்தநாக நோய். டைகாஸ்ட் உலோகமான சமாக், சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்த துத்தநாகம். அதில் ஈயமோ தகரமோ காட்மியமோ துளி கலந்தால்கூடப் படிகங்களுக்கு இடையே அரிப்பு ஓடும். உலோகம் வீங்கி, விரிசல் விட்டு, தொட்டால் பொடியாக உதிரும். 1930-களின் டிங்கி (பிரிட்டிஷ் பொம்மைக் கார்) மாடல்கள் பல இப்படித்தான் அழிந்தன. 99.99 சதவீதத் தூய துத்தநாகம் பயன்பட்ட பிறகு இது அரிதானது, ஆனால் கழிவு உலோகம் கலந்த வார்ப்பில் பிற்காலத்திலும் வந்திருக்கிறது. கதவு இறுகுவது, அடித்தட்டு வளைவது, கோட்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல்: இவை முதல் அடையாளம். ஆண்டு விருதால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஐந்தாம் ஆண்டு மறுமதிப்பீடு இருந்தால் நிறுவனங்களும் உலோகத்திலும் பெயின்ட்டிலும் கவனம் வைக்கும்.


செங்கதிர்18 எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பெரும்பாலானவற்றை அப்படியே விதியாக்கிவிட்டேன். 1:18 திறக்கும், 1:18 மூடிய, 1:43, 1:64, பெரிய அளவு, மறுபதிப்பு, முதல் மூன்று இடங்கள், இறுதி இருவருக்கும் நேருக்கு நேர், வைத்திருப்பவர்களுக்கு ஐந்து தலைப்பு மதிப்பெண், ஐந்தாண்டு மறுமதிப்பீடு.

மூன்று சந்தேகம் மிச்சம். நேருக்கு நேரிலும் சமமானால்? ஒரே நிஜக் காரை இரண்டு நிறுவனங்கள் ஒரே ஆண்டில், ஒரே அளவில் வெளியிட்டால் ஓட்டு பிரியாதா? தனிநபர் கையால் செய்த மாடலையும், பாகங்கள் வாங்கி ஒட்டிய கிட் மாடலையும் சேர்க்கலாமா?


கணக்கு64 எழுதியது:

சமமானா, முதலிட எண்ணிக்கை அதிகம் வாங்கினது ஜெயிக்கும்னு எழுதுங்க. அதுவும் சமம்னா ரெண்டுக்கும் சேர்த்து விருது. குலுக்கல் வேண்டாம்; இவ்வளவு எண்ணிட்டு முடிவைக் குலுக்கல்ல விடறது ஓட்டுப் போட்டவங்களுக்கு மரியாதையில்ல.

ரெண்டு நிறுவனம் ஒரே கார்: ஒரு ஓட்டு முறையிலதான் அது ஆபத்து. முதல் மூணு இடம் கேட்கும்போது ரெண்டையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா போட முடியும். சொல்லப்போனா அந்த ரெண்டையும் ஒப்பிட்டு ஒருத்தர் வரிசைப்படுத்தறதுதான் இந்த வாக்கெடுப்புலயே நம்பகமான தகவல், ஏன்னா அங்க கார் மேல இருக்கற ஆசை ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. பிரிவு முடிவோட சேர்த்து அந்த நேருக்கு நேர் எண்ணிக்கையைத் தனியா வெளியிடுங்க.


வார்ப்புக்கூடம் எழுதியது:

கிட் மாடலைச் சேர்க்க வேண்டாம் சார். அங்கே பாதி வேலை ஒட்டியவருடையது, நிறுவனத்தை மதிப்பிட முடியாது. கைவினைஞர் முழுதாக முடித்து விற்கும் சிறு எண்ணிக்கை மாடலைச் சேர்க்கலாம், ஒரே நிபந்தனை: குழுவில் குறைந்தது மூன்று பேரிடம் பிரதி இருக்க வேண்டும். மேலே சொன்ன அதே மூன்று.


நுண்ணளவு எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். முடிவை வெளியிடும்போது வென்றவர் பெயரோடு நிறுத்தாமல் ஐந்து தலைப்பின் சராசரியையும் தனித்தனியாகப் போடுங்கள். உருவத்தில் 9.2-உம் டயரில் 6.4-உம் வாங்கிய மாடல் என்றால், அடுத்த வெளியீட்டில் எதை மாற்ற வேண்டும் என்று வார்த்தவருக்குத் தெரியும். பெயர் நீக்கிய சீட்டுகளின் விரிதாளையும் இணையுங்கள். சந்தேகம் உள்ளவர் தானே எண்ணிப் பார்க்கட்டும். நேர முத்திரையையும் மின்னஞ்சலையும் அந்தப் பிரதியிலிருந்து நீக்கி, வரிசைகளைக் கலைத்துவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் யார் எதற்குப் போட்டார் என்று ஊகித்துவிடுவார்கள்.